தாம்பரம் சானடோரியமும் காசநோய் ஆய்வின் நூறாண்டும்

தாம்பரத்துக்கு வடக்கே, பச்சைமலை அடிவாரத்தில், 1928 ஏப்ரலில் 12 படுக்கைகளோடு ஒரு காசநோய் விடுதி திறக்கப்பட்டது. தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, சாமர்செட் பகுதியின் மெண்டிப் மலையில் சொந்தமாகவே ஒரு சானடோரியம் நடத்தியவர் அவர். சுற்றிலும் காடும் கரம்புமாக இருந்த நிலம், மலைக்காற்று, அருகிலேயே ரயில் பாதை என மூன்றும் ஒருங்கே அமைந்த இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. விடுதியின் பெயர் ரயில் நிலையத்துக்கும், பிறகு சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அரசு ஏடுகளில் இன்று அது நெஞ்சக நோய் மருத்துவமனை. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கத்தில் ‘டி.பி. ஆஸ்பத்திரி’ என்றால்தான் ஷேர் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

சானடோரியம் என்ற ஏற்பாடே மருந்தில்லாக் காலத்தின் பிள்ளை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் கண்டறிந்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை மருத்துவர்களிடம் இருந்தவை திறந்த சாளரம், முழு ஓய்வு, பால், முட்டை, அளந்து கொடுத்த உடற்பயிற்சி ஆகியவைதான். புண்பட்ட நுரையீரலைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி, அதைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுக்கும் முறையும் இருந்தது. தேறியவர்கள் உண்டு. அவர்கள் காற்றால் தேறினார்களா, தாமாகவே தேறினார்களா என்று பிரித்துச் சொல்ல அன்று வழியில்லை. முறையாக ஒப்பிட்டுப் பார்க்க முயன்றவர்களும் மிகக் குறைவு.

சௌரிமுத்துவின் மெண்டிப் மலை விடுதியில் 1917-இல் தங்கியிருந்த நோயாளிகளில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். காசநோய் என்று எண்ணியே அவரை ஒவ்வொரு விடுதியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1919-இல் சென்னை திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் காலமானார். அவருடைய நோய்க்குறிப்புகளை 1994-இல் மறுபடி படித்த டி.ஏ.பி. யங் என்பவர், அது காசநோயே அல்ல, வயிற்றுக்கடுப்புக் கிருமி கல்லீரலைத் தாக்கியதால் வந்த கோளாறாக இருக்கலாம் என்று வாதிட்டார். கிருமியைச் சளியில் தேடிப் பார்க்காமல் அறிகுறிகளை மட்டும் வைத்து ‘சயம்’ என்று முடிவுகட்டுவது எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய பெயரைச் சான்று காட்ட முடியாது.

மருந்துகள் 1940-களில் வந்தன. 1944-இல் ஸ்டிரெப்டோமைசின், அதையொட்டிப் ‘பாஸ்’ எனப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், 1952-இல் மலிவான ஐசோநியாசிட். ஆனாலும் மருந்தை நோயாளிக்குச் சானடோரியப் படுக்கையில் வைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. படுக்கை கிடைத்தாலும் ஏழைக்குடும்பத்துக்கு அது எட்டாத காரியம். அனகாபுத்தூரை எடுத்துக்கொள்ளலாம். அடையாற்றங்கரையில் இருந்த இந்த நெசவூர் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போன கட்டம்போட்ட மதராஸ் கைக்குட்டைத் துணிக்குப் பேர்பெற்றது. அங்கே தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். பாவு போடுவது முதல் நூல் சுற்றுவது வரை குடும்பம் முழுவதும் கைகொடுக்கும். நெய்கிறவர் ஓராண்டு படுக்கையில் கிடந்தால் தறி ஓராண்டு நிற்கும், அடுப்பும் கூடவே நிற்கும். பல்லாவரம், குரோம்பேட்டை தோல் பதனிடும் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

இந்த முட்டுக்கட்டையை உடைத்த ஆய்வு சென்னையிலேயே நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். மையத்தின் முன் இருந்த கேள்வி சுருக்கமானது: ஒரே மருந்தை வீட்டில் வைத்துக் கொடுத்தால் என்ன, சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தால் என்ன?

சளியில் கிருமியுள்ள 193 நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் நகரத்து ஏழைகள். வீட்டுக்கு யார், விடுதிக்கு யார் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக்குலுக்கல் போன்ற முறையில் முடிவுசெய்தார்கள். தேறக்கூடியவரைத் தெரிந்தெடுத்துத் தனக்குப் பிடித்த பக்கத்தில் சேர்க்கும் மனச்சாய்வை வெட்டியெறிய இதுதான் வழி. லண்டனில் பிராட்ஃபோர்ட் ஹில் ஸ்டிரெப்டோமைசின் ஆய்வில் இம்முறையைக் கையாண்டு, 1948-இல் அதன் முடிவு வெளியாகி எட்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஐசோநியாசிட்டும் பாஸும் கொடுக்கப்பட்டன.

வீட்டிலிருப்பவர் மருந்தைச் சாப்பிடுகிறாரா, சாக்கடையில் கொட்டுகிறாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ‘சாப்பிட்டேன்’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஆய்வு நடத்த முடியாது. அதிலும் பாஸ் வயிற்றைப் புரட்டும், கிராம் கணக்கில் விழுங்கவேண்டிய மருந்து. ஆகவே மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், மீதியிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிவந்தார்கள். அதில் சில சொட்டு ஃபெர்ரிக் குளோரைடு விட்டால், பாஸ் உட்கொண்டவரின் சிறுநீர் செவ்வூதா நிறமாகும். நிறம் மாறாவிட்டால் மருந்து வயிற்றுக்குள் போகவில்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிடப்படுகிறதா என்ற கேள்வியை இவ்வளவு கறாராக, அதுவும் சந்துபொந்து வீடுகளில், அதற்குமுன் கேட்டவர்கள் மிகக் குறைவு.

முடிவுகள் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. ஓராண்டு முடிவில் சானடோரியத் தரப்பில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டுத் தரப்பில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் போய்விட்டது: வீட்டில் 90, சானடோரியத்தில் 89. இத்தனைக்கும் விடுதியில் இருந்தவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டு ஓய்வெடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வேலைக்கும் போனார்கள். குணமாக்கியது மருந்துதான்; காற்றும் கட்டிலும் அல்ல.

இந்த ஆய்வின் இன்னொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உண்மையில் அதுவே அதிக முக்கியமானது. நோயாளியை வீட்டில் விட்டால் மனைவி மக்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம்தான் சானடோரியத்தின் கடைசிக் கோட்டை. ஆகவே மையம் ஒவ்வொரு நோயாளியோடும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களைப் பட்டியலிட்டு, அவர்களையும் ஐந்தாண்டு தொடர்ந்து பரிசோதித்தது. வீட்டுச் சிகிச்சை பெற்றவரின் உறவினர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை என்றே தெரிந்தது. மருந்து தொடங்கியதும் தொற்று வேகமாக வடிந்துவிடுகிறது. பரவவேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே பரவி முடிந்திருக்கிறது. யாரோடு யார் வாழ்கிறார், யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற இந்தக் கேள்வியைத்தான் இன்று வலைப்பின்னல் அறிவியல் கணினியை வைத்துக்கொண்டு கேட்கிறது. சேத்துப்பட்டில் அதைக் காகிதப் பதிவேட்டில் கேட்டார்கள். பின்னால் வந்த கருவிகள் இந்தப் பட்டியலை நீட்டின, நுணுக்கின; கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

மேலைநாடுகளில் சானடோரியங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தாம்பரம் மூடவில்லை, முற்றிய நோயாளிகளுக்கும் பிற நெஞ்சக நோய்களுக்குமான பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. சேத்துப்பட்டு மையம் தற்காலிக ஏற்பாடு என்ற நிலையிலிருந்து நிரந்தர நிறுவனமானது. பிறகு காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் பெற்றது. வாரம் இரண்டே முறை, கண்ணெதிரில் விழுங்கவைத்துக் கொடுக்கும் மருந்தும் தினசரி மருந்துக்குச் சமமாக வேலைசெய்கிறது என்று 1964-இல் இந்த மையம் காட்டியதே, பிற்பாடு உலகெங்கும் ‘டாட்ஸ்’ என்று பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு அடித்தளம்.

அடுத்த பெரிய ஆய்வு ஏமாற்றத்தில் முடிந்தது. கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. தடுப்பூசி தயாரிக்கப்பட்டு, ஊர் ஊராகப் போடப்பட்டது. ராஜாஜி 1955-இல் அதை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். சர்ச்சைக்கு முடிவுகாண, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 3,60,000 பேர் அதன் வீச்சுக்குள் வந்தார்கள். ஏழரை ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. 15 ஆண்டுக் கணக்கும் அதையே உறுதிசெய்தது. ராஜாஜி வென்றார் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய முதன்மையான கவலை தடுப்பூசியின் பாதுகாப்பும் அதை அரசு திணிக்கும் விதமும் பற்றியது. ஆய்வு அளந்தது அதன் பலனை. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறது.

எச்.ஐ.வி. வந்தபின் தாம்பரத்தின் கதை திசைமாறியது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் 1986-இல் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் வெளிப்பட்டன. எச்.ஐ.வி. உடலின் காவலைக் குலைத்தால் முதலில் உள்ளே புகுவது காசநோய். பிற மருத்துவமனைகள் கதவைச் சாத்திய காலத்தில், 1990-களின் தொடக்கத்திலிருந்தே சானடோரியம் இந்த நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2004 ஏப்ரல் 1-இல் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

இரு நோயும் சேர்ந்தவர்களுக்கு எவ்வளவு காலம், எத்தனை நாளுக்கு ஒருமுறை மருந்து தருவது என்ற கேள்வியைச் சேத்துப்பட்டு நிறுவனமே கையிலெடுத்தது. சௌம்யா சுவாமிநாதன் தலைமையில் 2010-இல் வெளியான ஆய்வு ஆறு மாதச் சிகிச்சையையும் ஒன்பது மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. நீட்டித்தால் நோய் திரும்பி வருவது குறைகிறது என்றும், விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையில் மருந்துக்கு வசப்படாத கிருமி தோன்றும் ஆபத்து இருக்கிறது என்றும் கண்டது. 331 நோயாளிகளை வைத்து 2018-இல் வெளியான இன்னொரு ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தினசரி மருந்தே மேல் என்று தெளிவாகச் சொன்னது. விட்டுவிட்டு மருந்து கொடுக்கலாம் என்று 1964-இல் உலகுக்குச் சொன்ன அதே நிறுவனம், யாருக்கு அது பொருந்தாது என்பதையும் தானே கண்டு சொன்னது. இந்தியா முழுவதும் தினசரி மருந்துமுறைக்கு 2017-இலேயே மாறத் தொடங்கிவிட்டது.

இதற்கிடையில் கணினி நுழைந்துவிட்டது. காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி 1998-இல் படித்து முடிக்கப்பட்டது: சுமார் 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். அந்தப் பட்டியலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. எந்தப் புரதம் எதோடு சேர்ந்து இயங்குகிறது, எதை அறுத்தால் கிருமி சாகும் என்று தேட, மரபணுக்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரையும் வலைப்பின்னல் கணிதம் தேவைப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நாகசுமா சந்திராவின் குழுவிலிருந்த கார்த்திக் ராமன், கிருமியின் மெழுகுச் சுவரை உண்டாக்கும் மைக்கோலிக் அமிலப் பாதையை 219 வேதிவினைகளாக 2005-இல் கணினியில் கட்டினார். ஐசோநியாசிட் தாக்குவது இந்தப் பாதையைத்தான். அதே குழு 2008-இல் மரபுத்தொகுதி முழுவதையும் சலித்தது. கிருமிக்கு இன்றியமையாதது, மனித உடலின் புரதத்தோடு ஒத்துப்போகாதது, குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கெடுக்காதது என்று படிப்படியாக வடிகட்டியபின், மருந்துக்கு இலக்காகக்கூடிய 451 புரதங்கள் எஞ்சின. ராமன் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். இத்தகைய பட்டியல் மருந்தாகிவிடாது. எங்கே தோண்டலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். அதற்குமேல் சொல்வதாகப் பாராட்டுவது மிகை.

மரபெழுத்தைப் படிப்பதால் நடைமுறைப் பயனும் கிடைத்தது. தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து சேத்துப்பட்டு நிறுவனம் சேகரித்த 223 கிருமி மாதிரிகளின் மரபுத்தொகுதியை ஆராய்ந்த கட்டுரை 2017-இல் வெளிவந்தது. இங்கே பெரும்பான்மையாக இருப்பது இந்தியப் பெருங்கடல் கரைகளில் காணப்படும் பழைய கிளை. பிற நாட்டுக் கிருமிகளை வைத்து உருவாக்கிய துரிதச் சோதனைகள் இங்குள்ள மருந்தெதிர்ப்பில் ஒரு பகுதியைத் தவறவிடக்கூடும் என்று அந்தக் கட்டுரை எச்சரித்தது. மருந்தெதிர்ப்பு தரும் மரபு மாற்றங்களின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் முதன்முறையாக வெளியிட்டது.

சானடோரியத்தை அடுத்தே 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அங்கே புழங்கும் மூலிகைகளும் கணினிக்குள் வந்துவிட்டன. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமலின் குழு 2018-இல் வெளியிட்ட தரவுத்தளத்தில் 1,742 இந்திய மூலிகைகளும் அவற்றிலுள்ள 9,596 வேதிப்பொருள்களும் எது எதோடு தொடர்புள்ளது என்று கோக்கப்பட்டிருந்தன. இருமலுக்கு வீட்டில் இடித்துக் கொடுக்கும் ஆடாதோடையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளைப் பின்பற்றிப் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து உருவானது. அதன் வழிவந்த அம்புராக்ஸால், எலிகளில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் ஆற்றலைக் கூட்டுவதாக 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. மனிதர்களிடம் நிரூபணமாகும்வரை அதை இருமல் மருந்து என்ற அளவில் வைப்பதே நியாயம்.

வீட்டுப் பட்டியலின் மிகப் பெரிய வடிவம் கொரோனாக் காலத்தில் வந்தது. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்புத்தடப் பதிவுகளிலிருந்து, தொற்றிய 84,965 பேரையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் ரமணன் லட்சுமிநாராயணன் குழு ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டது. தொற்றியவர்களில் சுமார் 71 விழுக்காட்டினரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. பரப்பியது ஒரு சிறு பகுதியினரே. இத்தனை விரிந்த தடப்பட்டியல் உலகில் அன்று வேறெங்கும் கிடைக்கவில்லை. அது கிடைத்ததற்குக் காரணம் கணினியைவிட, தெருத் தெருவாக நடந்த சுகாதாரப் பணியாளர்கள்.

சாப்பாடு பற்றிய பழைய முடிவுக்கும் திருத்தம் வந்தது. நல்ல உணவு இல்லாமலும் மருந்து குணமாக்கும் என்ற சென்னை முடிவை, உணவே பொருட்டில்லை என்று பலர் தப்பாகப் படித்துவிட்டார்கள். ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா குழு நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளியைவிட அவர் குடும்பத்தைக் கவனித்தது. 10,345 குடும்பத்தினரில் ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் தானியமும் பருப்பும் சத்துமாத்திரையும் கிடைத்தன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுகளெல்லாம் இப்போது ஒரு மேசையில் வந்து சேர்கின்றன. சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநில அரசும் 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் உறுதியானதும் சில எளிய அளவுகளை எடுக்கச் சொல்கிறது: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்வதால், இந்த அளவுகளில் தவறியவர் உடனே படுக்கையில் சேர்க்கப்படுகிறார். இந்த அளவுகளிலிருந்து ஒருவர் இறக்கும் வாய்ப்பைக் கணிக்கும் மாதிரி 2025-இல் மாநிலக் காசநோய்ப் பணியாளர்களின் செயலியில் சேர்க்கப்பட்டது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகள் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்ததால், அனகாபுத்தூரும் சானடோரியமும் இப்போது ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன. அனகாபுத்தூர்க்காரருக்குக் காசநோய் வந்தால் சாதாரணமாக அவர் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம்; நிற்க முடியாதவருக்கு மட்டுமே படுக்கை.